இருளிற் கேட்ட குரல்கள்

“தொண்ணூறுகளின் பிள்ளைகள்” எனத் தம்மைத் தாமே பெருமிதத்தோடு அழைத்துக்கொள்ளும் ஒரு தலைமுறை இக்காலத்தில் எழுந்துள்ளது. தமிழகத்திலே அவர்தம் நினைவுகள் பெரும்பாலும் ஒளியும் வண்ணமும் பொருந்தியவை. 1992 இல் ‘ரோஜா’ என்னும் திரைப்படத்தின் வாயிலாக ஏ. ஆர். ரகுமான் திரையிசையுலகிற் புகுந்தமையும், 1993 சித்திரைப் புத்தாண்டு நாளிலே சன் தொலைக்காட்சி தொடங்கியமையும் அவர்கள் நினைந்து நினைந்து மகிழ்வனவாம். அம்மகிழ்ச்சியைக் குறைகூற நான் முற்பட்டேனல்லேன். ஆயின், அதே பத்தாண்டின் முற்பாதியை யாழ்ப்பாணக் குடாநாட்டிலே கழித்தோர்க்குத் தொலைக்காட்சி என்பது விறாந்தை மூலையிலே துணி போர்த்தி வைக்கப்பட்ட ஒரு பெட்டியேயன்றி வேறன்று. 1990 ஆனித் திங்களிற் போர் மீண்டும் மூண்டபோது மின்சாரம் நின்றது. அதே மாதத்திலே யாழ்தேவிப் புகைவண்டியும் நின்றது. நின்ற வண்டி மறுபடியும் யாழ்ப்பாண நிலையத்தை வந்தடைந்தது 2014 இலேயாம். அன்று பிறந்த குழந்தை இருபத்துநான்கு வயதுக் காளையாகியிருக்கும்.

என்னிடம் இலக்கணம் பயிலும் மாணவரொருவர், “ஐயா, கரண்ட் இல்லாத காலத்திலை நீங்கள் பாட்டே கேக்கேல்லையோ?” என்று வினவினார். கேட்டோம். இன்று கையடக்கக் கருவியில் விரும்பிய பாடலை விரும்பிய கணத்திற் கேட்போர் கேட்பதினும் கூர்ந்து கேட்டோம். அக்கேள்வி எவ்வாறு வாய்த்தது என்பதைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். அதனை அறிந்தோர் தொகை ஆண்டுதோறும் அருகி வருகின்றது.

பொருளாதாரத் தடை நிலவிய காலமது. குடாநாட்டுக்குள் வரலாகாத பொருள்களின் நிரலிலே பற்றறியும் ஒன்று. வலுவிழந்த பற்றறிகளை உப்புநீரில் அவித்து, வெயிலிற் காயவைத்து, எட்டும் பத்துமாக ஒரு மூங்கிற் குழாயில் அடுக்கிச் சில நாள் வாழ்வித்தோம். அவையும் முற்றாக மாண்டபின் எஞ்சியது சைக்கிளே. அதனைத் தலைகீழாக நிறுத்தி, பின் சக்கரத்தின் ரயரோடு உராயுமாறு டைனமோவைப் பொருத்தி, மிதியைக் கையாற் சுழற்றினால் ஆறு வோல்ற்று மின் பிறக்கும். அது ஆடலோட்டமாதலின் வானொலிக்கு நேரே கொடுத்தால் வண்டினம் முரல்வதுபோல ஓர் இரைச்சல் எழும். விஞ்ஞானம் படித்த இளைஞர் நான்கு இருவாயிகளையும் ஒரு கொள்ளளவியையும் இணைத்து அதனை நேரோட்டமாக்கினர். பாடநூலில் ஒரு வினாவாக மட்டும் இருந்த அச்சுற்று, ஒழுங்கைக்கு ஒழுங்கை உயிர்பெற்றது.

இவ்வேற்பாட்டில் ஒரு நுட்பம் உண்டு. சுழற்றுவோன் கை தளர்ந்தால் வானொலிக் குரல் தேய்ந்து மறையும். ஒலிநாடாவாயின் பாட்டு மெலிந்து, இழுபட்டு, பெண்குரல் ஆண்குரலாய் மாறும். ‘தளபதி’ படப் பாடல்களை நான் முதன்முறை கேட்டது இவ்வாறே. அப்படம் வெளிவந்தது 1991 தீபாவளியில். ஒலிநாடா எங்கள் ஊரை வந்தடைய மாதங்கள் சென்றன. பிற்காலத்திலே கொழும்பில் ஒரு தேநீர்க் கடையில் அப்பாடல்களை அவற்றின் உண்மையான வேகத்திற் கேட்டபோது, இசையமைப்பாளர் எதற்கோ அவசரப்படுகிறார் என்றே எனக்குத் தோன்றிற்று.

எங்கள் ஒழுங்கையில் முதிய பண்டிதர் ஒருவர் வாழ்ந்தார். ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கத்தின் பண்டித பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்துகொண்டிருந்த எனக்கு அவர் யாப்பருங்கலக்காரிகை பாடஞ் சொன்னார். கட்டணம் பெறார். முற்காலத்து மாணாக்கர் குருவுக்கு விறகு கொணர்ந்தனர், நீர் முகந்தனர். நான் செய்த பணிவிடை சைக்கிள் மிதி சுழற்றியமையே. அந்தி மயங்கியதும் பாடம் நின்றுவிடும். ஜாம் போத்தலின் அடியிற் பஞ்சையிட்டு, அதனை மண்ணெண்ணெயால் நனைத்து, திரி நிறுத்திய விளக்கை ஏற்றி வைத்துவிட்டு இரவு 9.15 மணிக்காகக் காத்திருப்போம். அது லண்டன் பி.பி.சி.யின் தமிழோசை வருநேரம். அயல்வீட்டார் ஒவ்வொருவராய்ப் படலை திறந்து வந்து திண்ணையில் அமர்வர். மணி நெருங்கியதும், “தம்பி, இப்ப சுத்தத் துவங்கு. தலைப்புச் செய்தி தவறக்கூடாது” என்பார் ஐயா.

தமிழோசை 1941 இற் செய்திமடலாகத் தொடங்கிப் பின்னர் அப்பெயர் பெற்றது. 2017 சித்திரை முடிவோடு அதன் வானொலி ஒலிபரப்பு நின்றுபோயிற்று. இடைப்பட்ட காலத்தில் அதனைக் கேட்டோர் உலகெங்கும் இருந்தனர். எனினும் எங்களுக்கு அது கொண்டிருந்த பொருள் வேறு. எங்கள் ஊரிலிருந்து மூன்று கல் தொலைவில் விழுந்த குண்டைப் பற்றிய செய்தி, லண்டனுக்குச் சென்று திரும்பி வந்தே எங்கள் செவியை அடைந்தது. 1995 ஆடி 9 இல் நவாலித் தேவாலயத்திலே தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மேல் வான்குண்டு வீழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அன்றிரவு திண்ணையில் இருந்தோருட் சிலர் பகலிலே நவாலிக்குச் சென்று பிணம் தூக்கியவர்கள். கண்ணாற் கண்டவர்கள், அதனை லண்டனும் சொல்லவேண்டும் என்று காத்திருந்தனர். கண்டதற்கு ஏன் சான்று தேடவேண்டும் என்று புறத்தே நிற்போர் வினவலாம். உலகின் செவியிற் படாத சாவு இருமுறை சாவது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

தமிழோசை ஒன்றே எங்கள் கேள்விக்கு எல்லையாகாது. திருச்சி வானொலி பகலிலே தெளிவாக வந்தது. டெல்லியிலிருந்து சரோஜ் நாராயணசுவாமி செய்தி வாசிக்கும் குரலைப் பெயர் சொல்லாமலே சிறுவரும் அறிவர். அவர் 2022 இற் காலமானார் என்ற செய்தி வந்த நாளில், எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையிலே ஐம்பதைக் கடந்தோர் அனைவரும் சிறிதுநேரம் பேச்சற்றிருந்தோம். பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து வெரித்தாஸ் வந்தது. கொழும்பிலிருந்து இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் வந்தது. பி. எச். அப்துல் ஹமீதின் உச்சரிப்பை ஐயா மிக மதித்தார். லகர, ளகர, ழகர வேறுபாட்டை மாணவர்க்கு உணர்த்த அக்குரலினும் மேலான பாடநூல் இல்லை என்பது அவர் கொள்கை. அதே ஐயா, ‘லண்டன்’ என்று சொல்லுக்கு முதலில் லகரம் வருவதைப் பொறுக்கமாட்டாது, ஒவ்வோர் இரவும் அறிவிப்பாளர் அச்சொல்லைக் கூறியவுடன் “இலண்டன்” என்று தாழ்ந்த குரலில் திருத்துவார்! பதினைந்து நிமிடத்துள் ஏழெட்டு முறை திருத்தியதும் உண்டு.

கூட்டுத்தாபன ஒலிபரப்பிலே எங்கள் வீட்டுப் பெண்டிர் தவறவிடாதது பாட்டன்று, நாடகமுமன்று, மரண அறிவித்தலேயாம். பாதை அடைபட்ட காலத்திலே வன்னியிலும் கொழும்பிலும் கடல் கடந்த நாட்டிலும் இறந்த உறவினர் பற்றிய செய்தி வேறு வழியால் வருதல் அரிது. “அன்னார்” என்ற சொல் தமிழில் இன்று உயிரோடிருப்பது மரண அறிவித்தலிலே மட்டுமாம். இறந்தாரைக் குறிக்கும் வாக்கியத்திலே ஒரு சொல் இறவாதிருப்பதை எண்ணி நான் வியந்ததுண்டு. ‘ரொறன்ரோ’ என்ற நகரப் பெயரும், ஈழத்துக்கே உரிய அவ்வெழுத்துக்கூட்டோடு, எங்கள் ஊர்க் கிழவியரின் நாவிற் பதிந்தது இவ்வறிவித்தல்களின் வழியேதான்.

இனிப் பத்திரிகைகள். கொழும்புப் பத்திரிகைகள் கிளாலிக் கடல்நீரேரியைப் படகிற் கடந்து, நாள் பல கழிந்து, பெரும்பாலும் ஏதேனும் ஒரு பொருளைச் சுற்றிய தாளாகவே வந்து சேர்ந்தன. சுற்றிய தாளை விரித்து, கிழிந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று ஊகித்து வாசித்தோம். தொல்லியலாளர் கல்வெட்டை வாசிப்பதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடில்லை. யாழ்ப்பாணத்திலே 1985 இல் தொடங்கிய ‘உதயன்’ விடாது வெளிவந்தது. அச்சுத்தாள் கிடையாமையாற் பள்ளிக் கொப்பிக்குரிய கோடிட்ட ஒற்றைகளில் அது அச்சாயிற்று. எழுத்துகளின் ஊடே நீலக் கோடுகள் ஓடும். அளவிற் சிறிய அந்தத் தாள் வாசிகசாலை மேசையில் விரிக்கப்பட்டதும் ஒருவர் உரக்க வாசிக்க, பதின்மர் சூழ நின்று கேட்பர். எழுத்தறிவு மிக்க ஊரிலே ஏட்டை ஒருவர் வாசிக்க மற்றையோர் கேட்கும் பழைய புராணபடன மரபு இவ்வாறு புதிய வேடத்தில் மீண்டது. பொருள் சொல்வோரும் இல்லாமற் போகவில்லை. அரசியற் செய்திக்குப் பொருள் சொல்வோர் கந்தபுராணத்துக்குப் பொருள் சொல்வோரினும் மிகுதியாயிருந்தனர். 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ இணைய நூலகத் திட்டம் ஈழத்து அச்சேடுகள் பலவற்றைக் காத்துத் தருகின்றது. ஆனால், வாசிகசாலையில் உரக்க வாசித்தவரின் குரலை எந்த நூலகம் காத்துவைக்கும்?

திரைப்படம் பார்த்தலும் அறவே இல்லாமற் போகவில்லை. மண்ணெண்ணெயில் ஓடும் மின்பிறப்பாக்கியை வாடகைக்கு அமர்த்தி, ஓரிரவில் மூன்று படங்களைத் தொடர்ந்து காட்டுவர். மூன்றாவது படத்தின் முடிவை அறிந்த பிள்ளை எவனும் இல்லை. கோயில் திருவிழாவிலே பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில் சின்னமணியின் வில்லிசை என்றால் மணல் வீதியில் இடங்கிடையாது. குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதிய ‘அன்னை இட்ட தீ’ என்னும் நாடகம் 1991 இல் மேடையேறிற்று. போர் மனித மனத்திலே உண்டாக்கும் காயங்களை அது பேசிற்று. அழுவதற்காகக் காசு கொடுத்து நாடகம் பார்க்கவேண்டிய நிலையில் அன்று எவரும் இல்லை. எனினும் மக்கள் சென்றனர். தமக்கு நேர்ந்தது இன்னதென்று பிறர் வாயாற் சொல்லக் கேட்பதில் ஓர் ஆறுதல் இருந்தது போலும்.

அண்மைக் காலமாக எம்மவர் கூடுமிடங்களில், விசேடமாகப் புலம்பெயர்ந்தோர் விடுமுறைக்கு வரும் ஆடி மாதத்திலே, அக்காலம் பொற்காலமாகப் பேசப்படுவதைக் கேட்கின்றேன். “அப்ப எவ்வளவு ஒற்றுமையாய் இருந்தம்!” என்கின்றனர். இதனை நான் உடன்பட மாட்டேன். ஒரு வானொலியைப் பதினைந்து பேர் சூழ்ந்திருந்தது ஒற்றுமையால் மட்டுமன்று, பதினைந்து வீட்டிற்கு ஒரு டைனமோவே ஒழுங்காக வேலை செய்தமையாலும் ஆகும். அத்திண்ணையில் இருந்தோர் தம்முள் வழக்காடினர். மண்ணெண்ணெய் இரவல் கேட்டுக் கிடையாதபோது மாதக்கணக்கிற் பேசாதிருந்தனர். இன்சுலின் இன்றியும் பிற மருந்தின்றியும் இறந்தோர் உண்டு. அவர்களையும் சேர்த்தெண்ணாத நினைவு அரைநினைவு. பாட்டு இனித்தது உண்மை. அது எதனிடையே இனித்தது என்பதையும் மாணவர்க்குச் சொல்லும் கடன் ஆசிரியர்க்கு உண்டு.

1995 ஐப்பசி 30 இரவு வலிகாமம் முழுவதும் தெருவில் இறங்கியது. மழை. செம்மணி வெளியூடாக நாவற்குழிப் பாலத்தை நோக்கி இலட்சக்கணக்கானோர் அடிமேலடி வைத்து நகர்ந்தனர். எதனை எடுப்பது, எதனை விடுவது என்று எண்ணவும் பொழுதில்லை. ஐயா தம் ஏட்டுச் சுவடிகளை அலமாரியிற் பூட்டித் திறப்பை மடியிற் செருகினார். காரிகை உரை ஒன்றும், வானொலியும், டைனமோ பூட்டிய சைக்கிளும் எங்களோடு வந்தன. நான் நான்கு ஆண்டுகளாக நாளுக்கொரு செய்தி என்று தலைப்புச் செய்திகளை எழுதிவந்த கொப்பிகள் வீட்டிற் கிடந்தன. சோவியத் ஒன்றியம் கலைந்தமையும், ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலையுண்டமையும், கொழும்பு மேதின ஊர்வலத்திற் பிரேமதாசா கொலையுண்டமையும் அவற்றில் இருந்தன. அடுத்த ஆண்டு சித்திரையில் நாங்கள் திரும்பிச் சென்றபோது கொப்பிகளும் இல்லை, அலமாரியும் இல்லை. திறப்பு மட்டும் ஐயாவிடம் இருந்தது.

திரும்புவதற்கு ஒரு மாதத்தின் முன், மீசாலையில் ஒரு மாந்தோப்பிலே நாங்கள் கொட்டில் அமைத்துத் தங்கியிருந்தபோது நிகழ்ந்ததொன்றைச் சொல்லாதிருக்க இயலவில்லை. 1996 பங்குனி 17, உலகக் கிண்ணக் கிரிக்கெட் இறுதிப் போட்டி. லாகூரில் இலங்கை அணி அவுஸ்திரேலியாவை எதிர்த்து ஆடியது. எந்த அணி வெல்லவேண்டுமென்று விரும்புவது முறை என்பதே பகல் முழுதும் இளைஞரிடையே வழக்காயிருந்தது. “முரளிதரன் ஆடுறான், வேறை என்ன வேணும்?” என்றான் ஒருவன். “ஷெல் அடிக்கிறவன்ரை கொடியல்லோ அது?” என்றான் மற்றொருவன். இருவரும் இரவிலே வானொலியருகில் வந்து அமர்ந்தனர். 241 ஓட்டங்களைத் துரத்திய இலங்கை அணி தொடக்கத்திலேயே இரண்டு பேரை இழந்தது. பின்னர் அரவிந்த டி சில்வா நிலைத்து நின்று ஆடத் தொடங்கினார். கிரிக்கெட்டில் ஒரு சொல்லும் அறியாத ஐயா, “அந்தப் பிள்ளை இன்னும் நிக்குதோ?” என்று இடையிடையே வினவினார்.

மணி 9.15 ஐ நெருங்கிற்று. வானொலி ஐயாவுடையது. மிதி சுழற்றும் கைகளோ இளைஞருடையவை. ஐந்து நிமிடம் லண்டன், பின்னர் லாகூர் என்று உடன்பாடாயிற்று. முள் திரும்பியது. எல்லோரும் மூச்சடக்கிக் கேட்டோம். தலைப்புச் செய்திகளிலே எங்கள் ஊரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஐந்து நிமிடம் முடியுமுன்னரே, முள்ளைத் திருப்புமாறு ஐயா கைகாட்டினார். களைத்தவன் எழ, வேறொருவன் வந்து சைக்கிளருகே குந்தினான். அவன் கை பழகும்வரை லாகூரிலிருந்து வந்த குரல் ஏறியும் இறங்கியும் கேட்டுக்கொண்டிருந்தது.