வளர்த்தவரையே சேவல் தாக்குவது ஏன்?

குஞ்சு பொரித்த சில மாதங்களில் சேவலின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் பெருகுகிறது. கொண்டை சிவப்பதும் கூவுவதும் பெட்டைகளைக் காக்கும் மூர்க்கமும் அப்போதுதான் தொடங்குகின்றன. கோழிக்கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்றொரு படிவரிசை உண்டு. நார்வே நாட்டு ஆய்வாளர் ஷெல்டெரப்-எப்பே 1921இல் அதை விவரித்தார். வளர்ப்பவரையும் போட்டிச் சேவலாகக் கருதுவதே தாக்குதலுக்கு முக்கியக் காரணம். தனிக்குஞ்சாக மனிதர் கையிலேயே வளர்ந்த சேவலிடம் இந்த ஆபத்து கூடுதல், ஏனெனில் அது மனிதரைத் தன் இனமாகவே அறிந்திருக்கிறது.

ஒரு சிறகைத் தாழ்த்திப் பக்கவாட்டில் வட்டமிடுவதும், கழுத்து இறகைச் சிலிர்ப்பதும் எச்சரிக்கைகள். இவற்றைக் கொஞ்சலென்று எண்ணிவிடக் கூடாது.

பயந்து ஓடினால் எதிரி தோற்றதாகச் சேவல் கற்றுக்கொள்கிறது. உதைத்தால் அதைச் சண்டையாகவே ஏற்கிறது. உதைப்பது கொடுமை மட்டுமல்ல, பயனற்றதும்கூட. அசையாமல் நின்று, அது தணிந்தபின் மெல்ல விலகுவதே சரி. ஆள் வரும்போதெல்லாம் சற்றுத் தள்ளித் தானியம் தூவினால், நாளடைவில் அவர் வருகை அதன் மனத்தில் தீனியோடு இணைகிறது. முட்டை எடுக்கும்போதும் பெட்டையைப் பிடிக்கும்போதும் சேவலைத் தனியே அடைப்பது நல்லது.

மூர்க்கம் ஓரளவு பரம்பரையாகவும் வருவதால், திருந்தாத சேவலை இனப்பெருக்கத்துக்கு விடுவதில்லை. அதன் கால்முள் சிறு குழந்தையின் கண்ணைக் காயப்படுத்தக்கூடும்; குழந்தைகள் உள்ள வீட்டில் அதற்குத் தனி அடைப்பு கட்டாயம் தேவை.