நாப்போலி பீட்சா நம் வீட்டு அடுப்பில்

"என்ன கொண்டு வரட்டும் மகள்?"

கடந்த ஆகஸ்ட் மாதம் ஊருக்கு வருவதற்கு முன்னர் சாச்சி கேட்ட கேள்வி இது. அவர் இத்தாலியின் நாப்போலி நகரில் ஒரு வயோதிபத் தாயைப் பராமரிக்கும் வேலை செய்கிறார். ஆங்கிலத்தில் நேப்பிள்ஸ் எனப்படுவது இந்த நகரம்தான். இத்தாலியில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமான இலங்கையர் வாழ்கிறார்கள். அவர்கள் நிறைந்திருக்கும் நகரங்களுள் நாப்போலியும் ஒன்று. பீட்சா பிறந்த ஊரும் அதுவே. அங்குள்ளவர்கள் பீட்சா தயாரிக்கும் கலையை 2017 இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுரிமைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

"பீட்சா சாமான்" என்றேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. சாச்சியின் எட்டு வயது மகன் அங்கேயே பிறந்தவன். முதன்முறையாக ஊருக்கு வருகிறான். சோறும் கறியும் அவனுக்குப் பழக்கமில்லை. "நம்மட புள்ள நம்மட ஊட்டுல பட்டினி கிடக்கப் போடாது" என்று உம்மா ஒரு மாதமாகவே கவலைப்பட்டுக்கொண்டிருந்தா.

சாச்சி பலசரக்குக் கடைக்குள் நின்று வீடியோ அழைப்பு எடுத்தார். ஒரு பக்கம் தக்காளி டின்கள், இன்னொரு பக்கம் மாப் பைகள், கண்ணாடிப் பெட்டிக்குள் வண்டிச் சில்லுப் போன்ற சீஸ்கள். நான் வியந்து பார்த்தேன். சாச்சியோ ஒவ்வொரு பொருளையும் எடுத்து, முன்பக்கத்தைப் பார்க்காமல் பின்பக்கத்தைத் திருப்பினார்.

"இஞ்ச பாருங்க மகள், முன்பக்கம் படம், பின்பக்கம்தான் உண்மை" என்றார்.

இதை அவர் கண்ணீரோடு கற்றிருக்கிறார். போன புதிதில் பேக்கரி ஒன்றில் 'தரல்லி' என்ற தின்பண்டத்தை வாங்கிச் சாப்பிட்டாராம். மிளகும் பாதாம் பருப்பும் போட்டு, வளையமாகச் சுட்டு, நம் முறுக்கைப் போல மொறுமொறுவென்று இருக்கும். இரண்டு வாரம் கழித்துத்தான் அவர் பராமரிக்கும் அந்தத் தாய், அதில் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பது அவ்வூர் வழக்கம் என்று சொன்னார். சாச்சி அன்று இரவு முழுதும் அழுதாராம். மறுநாள் ஒரு கொப்பி வாங்கி, லேபல் சொற்களை எழுதத் தொடங்கினார். 'சுயினோ' என்றால் பன்றி. 'ஸ்த்ரூத்தோ' என்றால் பன்றிக் கொழுப்பு. 'வீனோ' என்றால் திராட்சை மது. 'காலியோ' என்றால் பாலை உறைய வைக்கும் ரெனட். சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திய சாச்சி, இத்தாலி மொழியை இப்படித்தான் படித்தார்.

அவர் கொண்டு வந்த பெட்டியில் ஒரு கிலோ மாவும், இரண்டு டின் தக்காளியும், ஓரிகானோ பக்கெற் ஒன்றும் மட்டுமே இருந்தன. சீஸ் இல்லை. காரணம் கேட்டேன்.

நாம் உயிரியலில் படிக்கும் நொதியந்தான் காரணம். கன்றுக்குட்டியின் நான்காவது இரைப்பையிலிருந்து எடுக்கப்படும் ரெனட்டில் கைமோசின் என்ற நொதியம் உண்டு. அது பாலிலுள்ள கேசீன் புரதத்தைத் திரளச் செய்கிறது. புகழ்பெற்ற பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸில் பால், உப்பு, கன்றின் ரெனட் ஆகிய மூன்றும்தான் சேரலாம். நம்மூரில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி, முறைப்படி அறுக்கப்படாத பிராணியின் ரெனட் ஆகாது. ஹனபி அறிஞர்களிடம் வேறு கருத்தும் உண்டு. ஐயம் வந்தால் உலமாக்களிடம் கேட்பதே சரி. நுண்ணங்கிகளிலிருந்து பெறும் ரெனட்டும் இப்போது பரவலாகப் பயன்படுகிறது. ஆகவே எல்லாச் சீஸும் ஒன்றல்ல. ஹலால் சின்னம் பொறித்த மொஸரெல்லாவைக் கல்முனையிலேயே வாங்கினோம்.

"நம்மட எருமைத் தயிரைக் கட்டித் தொங்கவிட்டு எடுத்தா என்ன?" என்று உம்மம்மா கேட்டா. நல்ல கேள்விதான். நாப்போலி அமைந்துள்ள கம்பானியா மாகாணத்தின் பெயர்பெற்ற மொஸரெல்லாவும் எருமைப் பாலில் செய்யப்படுவதே. செய்து பார்த்தோம், சுவைத்தது, ஆனால் உருகவில்லை. அமிலத்தால் பால் உறையும்போது புரதத்தைப் பிணைத்திருக்கும் கல்சியம் கரைந்து போய்விடுகிறது. ரெனட்டால் உறைந்த சீஸில் போதிய கல்சியம் மிஞ்சியிருப்பதால் அது சூட்டில் இளகி நூலாக இழுபடுகிறது.

முதல் பீட்சா படுதோல்வி. அவசரத்தில் ஈஸ்ட்டை அள்ளிப் போட்டு, ஒரு மணித்தியாலத்தில் சுட்டேன். ஓரம் விறகு, நடுவில் களி. தம்பி ஒரு கடி கடித்துவிட்டுத் தாயின் முகத்தைப் பார்த்தான். எங்கே பிழைத்தேன் என்று அன்றிரவு சாச்சியோடு இருந்து ஆராய்ந்தேன்.

முதலாவது, நேரம். கோதுமை மா நீரோடு சேரும்போது அதன் புரதங்கள் குளூட்டன் என்ற வலையைப் பின்னுகின்றன. மதுவம், அதாவது ஈஸ்ட், வெளிவிடும் காபனீரொட்சைட்டு அந்த வலைக்குள் சிக்கியே மா பொங்குகிறது. பிசைந்த உடனே வலை இறுகி இருக்கும், இழுத்தால் சுருங்கும். பராட்டா போடுபவர் மாவை எண்ணெய் பூசி ஊற வைப்பதும் இதனால்தான். பீட்சா மாவை ஓர் இரவு குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் வலை தளரும், சுவையும் கூடும்.

இரண்டாவது, மா. இத்தாலிப் பையில் '00' என்றிருப்பது மாவிலிருந்து தவிடு எவ்வளவு நீக்கப்பட்டது என்பதைக் காட்டுகிறதே தவிர, அதன் பலத்தை அல்ல. பலத்தை அறியப் புரத அளவைப் பார்க்க வேண்டும். 100 கிராமுக்கு 11 முதல் 13 கிராம் வரை இருந்தால் போதும். நம் கடை மாவின் பக்கெற்றிலும் அதைப் பார்த்து வாங்கலாம்.

மூன்றாவது, சூடு. நாப்போலியின் விறகுப் போறணை 430 பாகை செல்சியசுக்கு மேல் கொதிக்கும். பீட்சா 60 முதல் 90 செக்கனில் வெந்துவிடும். நம் வீட்டு ஓவன் 250 பாகையைத் தாண்டாது. அதனால் இரும்புத் தோசைக்கல்லை ஓவனுக்குள் கவிழ்த்து வைத்து முக்கால் மணித்தியாலம் சூடாக்கி, அதன்மேல் சுட்டோம்.

நான்காவது, ஈரம். நம் தக்காளிப் பழத்தில் நீர் அதிகம். விதையை நீக்கி, உப்பிட்டு வடியவிட வேண்டும். தக்காளி இத்தாலிக்கும் சொந்தமல்ல. 16 ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வந்தது. நம் மிளகாயும் அப்பக்கத்திலிருந்து வந்ததே.

எங்கள் அளவு இது: மா 500 கிராம், நீர் 310 மில்லிலீற்றர், உப்பு 10 கிராம், ஈஸ்ட் அரைத் தேக்கரண்டி. பத்து நிமிடம் பிசைந்து, ஒரு மணித்தியாலம் வெளியிலும் ஓர் இரவு குளிரிலும் வைத்து, நான்கு உருண்டையாக்கி, மீண்டும் இரண்டு மணித்தியாலம் விட வேண்டும். பூரிக்கட்டையால் உருட்டினால் காற்று போய்விடும்; விரலால் விரிக்க வேண்டும். ஓவன் இல்லாதவர்கள் கனமான தோசைக்கல்லில் ஒரு பக்கம் வேகவைத்துத் திருப்பி, மேலே சாமான்களைப் போட்டு மூடி, மெல்லிய நெருப்பில் விடலாம்.

இரண்டாம் முறை மரினாராவும் செய்தோம். கடலோடிகளுடையது என்று பொருள்படும் பீட்சா அது. தக்காளி, உள்ளி, ஓரிகானோ, எண்ணெய் மட்டுமே, சீஸ் கிடையாது. ஆகவே ரெனட் பற்றிய ஐயமும் இல்லை. வாப்பா காலையில் கரையில் வாங்கி வந்த சூரை மீனை உம்மா மிளகு போட்டு அவித்து உதிர்த்து, அதன்மேல் தூவினா. தம்பி மூன்று துண்டு சாப்பிட்டான். பிறகு உம்மாவின் பக்கத்தில் போய் இருந்து, அந்த மீனின் பெயர் என்னவென்று கேட்டான். ஊருக்கு வந்த பின் அவனாக உம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி அது. "சூரை" என்று உம்மா சொல்ல, அவனும் திருப்பிச் சொன்னான்.

சாச்சி போகும்போது அந்தக் கொப்பியை என்னிடம் தந்துவிட்டுப் போனார். இப்போது அதில் நான் எழுதுகிறேன். இந்த வாரம் பிஸ்கட் பக்கெற்றில் கண்ட 'ஜெலட்டின்' என்ற சொல் எதிலிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டிருக்கிறேன். நீங்களும் அடுத்த முறை கடைக்குப் போனால், பொருளை ஒரு தடவை திருப்பிப் பாருங்கள்.