‘திறந்த’ கணினி எந்த அளவுக்குத் திறந்தது?

மாணவர்களே, பள்ளிக் கணினிக் கழகத்தில் ராஸ்பெரி பை பலகையைப் பார்த்திருப்பீர்கள். கையகலம்தான் என்றாலும் அது ஒரு முழுக் கணினி. அதில் லினக்ஸ் இயங்குகிறது. லினக்ஸின் மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம். அப்படியானால் இந்தக் கணினியையே ‘திறந்த’ கணினி என்று சொல்லிவிடலாமா?

ஒரு சிறு விளக்கை எரியவிட வேண்டுமானாலும், சில்லின் எந்த முகவரியில் எந்த எண்ணை எழுத வேண்டும் என்று நிரல் எழுதுபவருக்குத் தெரிய வேண்டும். அதைச் சொல்வதுதான் வன்பொருள் ஆவணம். ஆவணம் இல்லாத பகுதிக்கு, வெளியாட்கள் ஊகித்துத்தான் நிரல் எழுத முடியும்.

முதல் ராஸ்பெரி பை 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்தது. அதன் சில்லு, பிராட்காம் நிறுவனத்தின் பிசிஎம்2835. அதற்கு 205 பக்க ஆவணம் வெளியிடப்பட்டது. பலகையின் இணைப்பு ஊசிகளை இயக்கும் முறை அதில் இருந்தது. ஆனால் அதே சில்லில் உள்ள வரைகலைச் செயலி பற்றிய விளக்கம் இல்லை.

இது சிறிய விடுபடல் அன்று. மின்சாரம் வந்ததும் முதலில் இயங்கத் தொடங்குவது வரைகலைச் செயலிதான். அது எஸ்டி அட்டையிலிருந்து ஒரு தொடக்க நிரலை எடுத்து ஓட்டும். அதன் பிறகே லினக்ஸை இயக்கும் ஏஆர்எம் செயலி விழிக்கும். அந்தத் தொடக்க நிரலின் மூலநிரல் வெளியிடப்படவில்லை.

2012 அக்டோபரில், ஏஆர்எம் பக்கம் ஓடும் வரைகலை இயக்கியின் மூலநிரல் முழுவதும் திறக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. அதைப் படித்த லினக்ஸ் நிரலாளர்கள் சிலர் குறை கூறினர். காரணம், அந்த இயக்கி பெரும்பாலும் கட்டளைகளை மறுபக்கம் அனுப்பியது, அவ்வளவுதான். படம் வரையும் வேலை மூடிய நிரலுக்குள் நடந்தது. உணவகத்தில் ஆர்டர் எழுதிய தாளைக் காட்டிவிட்டு, சமையலறைக் கதவைச் சாத்தியது போல!

2014 பிப்ரவரி 28 அன்று நிலைமை மாறியது. முப்பரிமாண வரைகலைப் பகுதியின் ஆவணத்தைப் பிராட்காம் வெளியிட்டது. பின்னர் ‘விசி4’ என்ற திறந்த இயக்கி லினக்ஸின் ஒரு பகுதியாகவே சேர்ந்தது. எனினும், பிராட்காமின் தொடக்க நிரல் இன்னும் மூடியே இருக்கிறது.

ஆர்டுயினோ ஊனோவைப் பாருங்கள். அதன் மின்சுற்று வரைபடமும் பலகை வடிவமைப்புக் கோப்புகளும் வெளியிடப்பட்டுள்ளன. அதிலுள்ள சில்லின் உள்வடிவமைப்பு திறந்ததன்று. ஆனால் அதை இயக்கத் தேவையான ஆவணத்தை யாரும் படிக்கலாம்.

ஆக, ‘திறந்த’ என்ற சொல்லுக்குப் பல படிகள் உண்டு. விளம்பரத்தில் அதைக் கண்டால் மூன்று கேள்விகள் கேளுங்கள். மூலநிரல் எந்தப் பகுதிக்குக் கிடைக்கிறது? சில்லின் ஆவணம் முழுமையானதா? மின்சாரம் வந்ததும் முதலில் ஓடும் நிரல் யாருடையது?

இது வெறும் வாதம் அன்று. நாளை நிறுவனம் அந்தக் கருவிக்கு ஆதரவை நிறுத்திவிடலாம். அன்று ஆவணம் உள்ள பகுதியை மற்றவர்கள் தொடர்ந்து பராமரிக்க முடியும். ஆவணம் இல்லாத பகுதியில் ஒரு பிழை இருந்தால், அது பெரும்பாலும் அப்படியே இருந்துவிடும். அடுத்த முறை பலகையை இயக்கும்போது, அதன் ஆவணத்தையும் பதிவிறக்கிப் புரட்டுங்கள். அதில் எது இல்லை என்பதையும் சேர்த்துக் கவனியுங்கள்.