துயரம் என்னும் நோய்

நாகபுரியிலும் அஸ்ஸாமிலும் வாழும் தமிழன்பர்கள் ஆரஞ்சுத் தோப்புகளை நன்கு அறிவர். அத்தோப்புகளைத் தாக்கும் வைரஸ் நோய்களுள் ஒன்று ‘டிரிஸ்டெசா’. போர்த்துக்கீசிய மொழியில் அச்சொல்லுக்குத் ‘துயரம்’ என்பது பொருள். தென் அமெரிக்காவில், புளிப்பு ஆரஞ்சு வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய இலட்சக்கணக்கான மரங்களை அது மாய்த்தது. அசுவினிப் பூச்சியே அதனைப் பரப்புகிறது என்று 1946-இல் பிரேசிலில் மெனெகினி மெய்ப்பித்தார்.

இவ்வைரஸ் ஒரே தன்மையது அன்று. ஒரு வகை மரத்தைக் கொல்லும். மற்றொன்று தண்டில் குழிகளை உண்டாக்கும். வேறொன்று அதிகத் தீங்கின்றி மரத்தில் தங்கியிருக்கும். இவ்வேற்றுமையையே பிரேசில் அறிஞர்கள் கருவியாக்கினர். சாதுவான வகையை ஒட்டுக்கன்றில் முன்னரே புகுத்திக் கொடிய வகையின் வேகத்தைத் தணித்தனர். அம்மை குத்துவதை இம்முறை நமக்கு நினைவூட்டும்.

ஆனால், இரண்டும் மரபால் ஒரே குலத்தவையாக இருந்தால்தான் இக்காவல் பலிக்கும். அயற்குலத்து வைரஸ் தடையின்றி உட்புகும். இதனை 2010-இல் வெளியான ஆய்வு தெளிவாக்கியது. ஆகவே, ஓரிடத்தில் உதவிய காப்பு வேறோரிடத்தில் பொய்க்கக்கூடும். அந்தந்த வட்டாரத்தில் உலவும் வைரஸின் குலத்தை ஆய்வுக்கூடத்தில் அறிந்த பின்னரே காவலைத் தேர்தல் தகும்.

நோய்ப்பட்ட மரத்தைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. கொல்லையில் ஓர் எலுமிச்சை நடுவதாயினும், சோதித்தறிந்த தாய்மரத்தின் கன்றையே நாம் தேடி வாங்குவோமாக.