விழுந்த நட்டும் பாதாளக் கரண்டியும்

கொல்கத்தாவின் அடையாளங்களுள் ஒன்று மஞ்சள் நிற அம்பாசடர் வாடகை மகிழுந்து ஆகும். ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் உள்ள உத்தரபாராவில், இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் இவ்வண்டியை 2014ஆம் ஆண்டு வரை உருவாக்கியது. சாலையோரத்தில் வண்டியின் முன்மூடியைத் திறந்து வைத்து, மிஸ்திரி பழுது பார்க்கும் காட்சியை இந்நகரில் வாழும் மாணவர் பலரும் கண்டிருப்பர். வங்காளிகள் 'மிஸ்திரி' என்பதும் தமிழர்கள் 'மேஸ்திரி' என்பதும் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்த ஒரே சொல்லின் இரு வடிவங்களே. வங்காளத்தில் 'சாபி' எனவும் தமிழில் 'சாவி' எனவும் வழங்கும் சொல்லும் அவ்வாறே வந்தது.

பழுது பார்க்கும்போது நட்டு, ஸ்பேனர், சாவி போன்றவை கைதவறி இயந்திர அறைக்குள் விழுவதுண்டு. விழுந்தவுடன் கையை உள்ளே நுழைப்பதே பலரின் இயல்பு. அது பெருந்தவறு. ஓடிய இயந்திரத்தின் பாகங்கள் தோலைச் சுட்டுவிடும். சில வண்டிகளில், இயந்திரம் நின்ற பின்னும் வெப்பத்தைத் தணிக்கும் மின்விசிறி திடீரெனச் சுழலத் தொடங்கும். ஆகவே இயந்திரத்தை நிறுத்திச் சாவியை வெளியே எடுத்தல் வேண்டும். சூடு தணியும்வரை பொறுத்திருத்தலும் வேண்டும்.

அடுத்து அஞ்ச வேண்டியது மின்கலம். அதன் இரு முனைகளையும் ஓர் உலோகத் துண்டு ஒருசேரத் தொட்டால் பெருமளவு மின்சாரம் பாயும், தீப்பொறி பறக்கும். எனவே பெரியவர்கள் முதலில் எதிர்முனைக் கம்பியைக் கழற்றுவர். இன்றைய மகிழுந்துகளின் உலோக உடல் எதிர்முனையோடு இணைக்கப்பட்டுள்ளது. ஆதலால் அம்முனையைக் கழற்றும்போது ஸ்பேனர் வண்டியின் உடலைத் தொட்டாலும் தீங்கு நேராது. நேர்முனையை முதலில் கழற்ற முற்பட்டால் அதே தொடுதல் தீப்பொறியை உண்டாக்கும்.

பிறகு கைவிளக்கால் தேடுதல் வேண்டும். அம்பாசடரின் இயந்திர அறை விசாலமானது; நழுவிய பொருள் பெரும்பாலும் தரைக்கே வந்துவிடும். புதிய மகிழுந்துகளிலோ பாகங்கள் நெருக்கமாக அமைந்துள்ளன. அடிப்புறத்தை மறைக்கும் தகட்டின் மேல் பொருள் தங்கிவிடும். அத்தகட்டைக் கழற்ற, பயிற்சி பெற்றவரே வண்டியின் அடியில் செல்லலாம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் செல்லுதல் உயிருக்கே கேடாகும்.

இனி எடுக்கும் கருவியைக் காண்போம். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் கிணற்றில் வாளி விழுந்தால் எவரும் உடனே குதிப்பதில்லை. இரும்பு வளையத்தில் பல கொக்கிகள் தொங்கும் பாதாளக் கரண்டியைக் கயிற்றில் கட்டி இறக்குவர். அடியில் துழாவும்போது வாளியின் பிடி ஏதேனும் ஒரு கொக்கியில் சிக்கும். ஆள் இறங்காமல் கருவியை இறக்கும் இம்முறையே இயந்திர அறைக்கும் பொருந்தும்.

விழுந்தது இரும்பு எனில், நீளும் கோலின் நுனியில் பொருத்திய காந்தம் அதை ஈர்க்கும். ஆனால் சுற்றியுள்ள இரும்புப் பாகங்களிலும் காந்தம் ஒட்டிக்கொள்ளும். நுனி மட்டும் திறந்திருக்குமாறு அதன்மீது நெகிழிக் குழாயைச் செருகினால் இத்தொல்லை குறையும். பித்தளை, அலுமினியம் ஆகியவற்றைக் காந்தம் ஈர்ப்பதில்லை. பித்தளைச் சாவியை எடுக்க, வளைந்து செல்லும் இடுக்கிக் கோல் வேண்டும். பின்முனையை அழுத்தினால் அதன் விரல்கள் விரியும். விட்டால் பொருளைப் பற்றிக்கொள்ளும்.

கிடைக்காத பொருளை 'போகட்டும்' என்று விட்டுவிடுதல் கூடாது. அது சுழலும் பட்டையில் சிக்கலாம். இயந்திரத்தின் திறந்த துளைக்குள் விழுந்திருந்தால், இயக்கியவுடன் உட்பாகங்கள் உடைந்துபோகும். 2000ஆம் ஆண்டு சூலை 25 அன்று, பாரிசு ஓடுபாதையில் கிடந்த உலோகத் துண்டு ஒன்று கான்கார்டு விமானத்தின் சக்கரத்தைக் கிழித்தது. சிதறிய சக்கரத் துண்டு எரிபொருள் கலத்தைத் தாக்க, விமானம் தீப்பற்றி விழுந்து 113 பேர் உயிரிழந்தனர். அத்துண்டு சற்றுமுன் சென்ற வேறொரு விமானத்திலிருந்து விழுந்ததாகும். விமானப் பணிமனைகளில் வேலை முடிந்ததும் கருவிகளை எண்ணிச் சரிபார்ப்பது இத்தகைய இடரைத் தவிர்க்கவே.

அவ்வழக்கம் சாலையோர மிஸ்திரிக்கும் ஏற்றதே. கழற்றிய நட்டுகளை ஒரு கிண்ணத்தில் இட்டு எண்ணி வைத்தல் நன்று. திறந்த துளைகளைத் துணியால் மூடிவிட்டு வேலை செய்தல் அதனினும் நன்று. எண்ணிக்கை சரியாகும்வரை இயந்திரத்தை இயக்குதல் கூடாது.

அருஞ்சொற்பொருள்
இயல்பு – தன்மை
விசாலம் – அகலம்
துழாவுதல் – அலசித் தேடுதல்
இடர் – துன்பம்

பயிற்சி
1. மின்கலத்தின் எதிர்முனையை முதலில் கழற்றுவது ஏன்?
2. பாதாளக் கரண்டிக்கும் காந்தக் கோலுக்கும் உள்ள ஒற்றுமை ஒன்றும் வேற்றுமை ஒன்றும் எழுதுக.
3. உங்கள் ஊரில் கிணற்றில் விழுந்த பொருளை எவ்வாறு எடுத்தனர் என்பதைத் தாத்தா, பாட்டியிடம் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.