உழைப்பாளரைக் காக்கும் கல்வி

மார்கழி மாதத்து விடியற் பொழுதிலே சித்தாண்டி வட்டைகளைக் காண்போர் உள்ளம் குளிரும். வாவிப் பக்கமிருந்து வீசும் ஈரக்காற்றில் பெரும்போக வேளாண்மை பசுமையாக அசைந்தாடும். அப்பசுமையினூடே, முதுகிலே கிருமிநாசினித் தாங்கியைச் சுமந்து ஓர் உழவர் நடந்து செல்கின்றார். காலுக்குச் செருப்பில்லை, முகத்துக்கு மறைப்பில்லை. காற்றுத் திசை மாறுந்தோறும் தெளித்த மருந்து அவர் மீதே திரும்பிப் படிகின்றது. மாலையில் அவருக்குத் தலை சுற்றுகின்றது, கண் எரிகின்றது. “தொழில் என்றால் அப்படித்தான்” என்று வீட்டார் தம்மைத் தாமே தேற்றிக்கொள்கின்றனர். அந்த “அப்படித்தான்” என்ற சொல்லை ஏற்க மறுக்கும் கல்வி ஒன்று உண்டு. தொழிற் பாதுகாப்பும் சுகாதாரமும் என்பது அதன் பெயர்.

இக்கல்வி நேற்று முளைத்ததன்று. இத்தாலிய மருத்துவரான பெர்னார்டினோ ராமாஸினி 1700 ஆம் ஆண்டில் தொழிலாளரின் நோய்களைப் பற்றித் தனி நூலொன்றை வெளியிட்டார். மருத்துவர், நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் வினாக்களோடு, அவருடைய தொழில் யாதென்றும் கேட்டல் வேண்டும் என அவர் வற்புறுத்தினார். 1775 ஆம் ஆண்டில் இலண்டன் சத்திரசிகிச்சை நிபுணர் பேர்சிவல் பொட், புகைபோக்கி துப்புரவு செய்வோரிடையே கண்ட புற்றுநோய்க்குப் புகைக்கரியே காரணம் என எடுத்துக் காட்டினார். விதியென்று எண்ணப்பட்டது வேலையின் விளைவென்று புலனாயிற்று.

இத்துறையைப் பயிலும் மாணவர் கற்கும் தலையாய பாடம் ஒரு வரிசை முறையாகும். ஆபத்தை முற்றாக நீக்க முடியுமா என்பதே முதல் வினா. இயலாவிடின், தீங்கு குறைந்த வேறொன்றைக் கையாளலாமா என்பது இரண்டாவது. மூன்றாவது, இயந்திரத்துக்கு அடைப்பு, அறைக்குக் காற்றோட்டம் முதலிய பொறிமுறைத் தடைகள். நான்காவது, பயிற்சியும் வேலை நேர ஒழுங்கும். கையுறையும் முகமூடியும் கடைசியிலேதான் வருகின்றன. உலகியலில் பெரும்பாலோர் இவ்வரிசையைத் தலைகீழாகவே கொள்கின்றனர். அரிசி ஆலையிற் சுழலும் பட்டிக்கு அருகே “கவனம்” என்று எழுதி வைப்பதிலும், அதனைச் சுற்றி இரும்பு வலை அடைப்பதே மேலானது. மனிதன் களைப்புறுவான்; வலை களைப்புறாது. எண்டோசல்பான் என்னும் நச்சுக் கிருமிநாசினியை இலங்கை 1998 ஆம் ஆண்டில் தடை செய்ததும் முதல் வினாவுக்குரிய விடையேயாகும்.

நாட்டின் சட்டங்களையும் இம்மாணவர் அறிதல் வேண்டும். 1934 ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், விபத்து நேர்ந்த பின் பணம் பெற வழி செய்கின்றது. 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், விபத்து நேராமற் காக்க முயல்கின்றது. ஆனால் அதன் காவல் தொழிற்சாலைக்கே உரியது. ஆலையில் நெல்லைக் குற்றுபவருக்கு அது துணை நிற்கும். அந்நெல்லை விளைவித்தவரின் வயலை அது எட்டாது. சேற்று நீரிலே கலந்த எலியின் சிறுநீர் காற்புண் வழியே புகுந்து எலிக்காய்ச்சலை உண்டாக்கினால், அதுவும் தொழிலால் வந்த நோயன்றோ? பாதுகாப்பான, சுகாதாரமான வேலைச் சூழலைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகச் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2022 ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. அவ்வுரிமை வரம்பு மேட்டுக்கும் வந்து சேர்தல் வேண்டும்.

இத்துறையை வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் இளைஞர், பொறியியல், மருத்துவம், இரசாயனம், விவசாயம் போன்ற ஒன்றில் அடிப்படைப் பட்டம் பெற்று, அதன்மேற் சிறப்புப் பயிற்சி பெறுதல் நலம். சித்தாண்டிக்கு அயலிலே, வந்தாறுமூலையில், 1986 முதல் கிழக்குப் பல்கலைக்கழகமாக விளங்கும் நிலையம் இருக்கின்றது. 2009 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத் தேசிய நிறுவனம் பயிற்சிகளை நடத்துகின்றது. தனியார் சான்றிதழுக்குப் பணம் கட்டுமுன், அதனை ஏற்பவர் யார், ஆய்வுகூடமும் களப்பயிற்சியும் உண்டா என்று கேட்டறிவது பெற்றோர் கடமை. கலைப் பிரிவில் பயின்றோரும் மனம் தளர வேண்டியதில்லை. சட்டமும் உளவியலும் இத்துறைக்கு வேண்டியவையே.

பாதுகாப்பு உத்தியோகத்தர் என்றதும் வாயிற் காவலரையே பலர் நினைப்பர். இவரும் ஒரு காவலரே. ஆனால் இவர் காப்பது பொருளையன்று, உழைக்கும் உடலை. ஆலைகளும் கட்டடப் பணித்தலங்களும் உள்நாட்டிலும் வளைகுடா நாடுகளிலும் இத்தகையோரை வேலைக்கு அமர்த்துகின்றன. தந்தையின் முதுகிலிருந்த தாங்கியைக் கண்டு வளர்ந்த பிள்ளைக்கு இக்கல்வியின் முதற்பாடம் ஏற்கெனவே தெரியும். அப்பிள்ளை பட்டத்தோடு திரும்பி வரும் நாளில், அவ்வீட்டில் “அப்படித்தான்” என்ற சொல்லுக்கு மறுமொழி ஒன்று இருக்கும்.