மென்பொருள் புதிது, பிளாட்டர் பழையது

வரைபட மென்பொருளின் புதிய பதிப்பை ஏற்றிய மறுநாளே பிளாட்டர் மக்கர் செய்வது, சிவில் இன்ஜினியர் அலுவலகங்களுக்கும் பிளான் போட்டுக் கொடுக்கும் கடைகளுக்கும் பழகிப்போன தொல்லை. திரையில் படம் கச்சிதமாக இருக்கும். 'பிளாட்' கொடுத்தால் மென்பொருள் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்ளும். இல்லையென்றால் பாதித் தாளோடு நின்றுவிடும். அதுவும் இல்லையென்றால் தாள் முழுக்க ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகள் வந்து விழும். எல்லாவற்றுக்கும் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான்: 'டிரைவர் பழசாகிவிட்டது'. இது பாதி உண்மை. பொத்தாம்பொதுவாக டிரைவர் என்று சொல்லப்படுவதற்குள் மூன்று அடுக்குகள் இருக்கின்றன. ஒன்று, விண்டோஸில் நிறுவப்படும் டிரைவர். இன்னொன்று, வரைபட மென்பொருள் தன்னோடு கொண்டுவரும் சொந்த டிரைவர். மூன்றாவது, அலுவலகம் ஆண்டுக்கணக்காகச் சேர்த்துவைத்த அமைப்புக் கோப்புகள். எது பழசு என்று பார்க்காமல் மூன்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவுவதில்தான் ஒரு வேலைநாள் வீணாகிறது.

போடிநாயக்கனூர் போன்ற மலையடிவார ஊர்களில் தாளில் இறங்கும் படங்களைப் பார்த்தால் சிக்கலின் அளவு புரியும். வீட்டு பிளான் ஒரு ஏ2 அல்லது ஏ1 தாளில் அடங்கிவிடும். ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோர் கட்டடமும் அப்படியே. ஆனால் தோட்டத்தின் எல்லைப்படமும் மலைச்சாலைப் படமும் தாளின் அளவுக்குள் நிற்பதில்லை. முந்தலில் ஏறத் தொடங்கி 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டைத் தொடுகிற சாலையைப் போன்ற ஒன்றை வரைந்தால், மேலே சாலையின் தளப்படமும் கீழே ஏற்ற இறக்கத்தைக் காட்டும் நீளவெட்டுப் படமுமாகப் பக்கவாட்டில் நீண்டுகொண்டே போகும். அதற்கு 24 அங்குலம் அல்லது 36 அங்குல அகல ரோலில், நீளத்தை அலுவலகமே தீர்மானித்த தாள் அளவு வேண்டும். அந்தத் தாள் அளவு எந்தக் கோப்பில் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது என்பது, மென்பொருளைப் புதுப்பிக்கும் நாள் வரை யாருக்கும் கவலை தராத விஷயம்.

பிளாட்டர்கள் முதலில் பேனா பிடித்து வரைந்தன. கால்காம்ப் நிறுவனத்தின் 565 என்ற உருளைப் பிளாட்டர் 1959இல் வந்தது. எச்பியின் 7475ஏ மாடல் 1983இல் ஆறு பேனாக்களோடு வந்தது. தன் பேனாப் பிளாட்டர்களுக்குக் கட்டளையிட எச்பி உருவாக்கிய மொழி எச்பிஜிஎல். 'பியூ' என்றால் பேனாவைத் தூக்கு, 'பிடி' என்றால் இறக்கு, 'எஸ்பி1' என்றால் முதல் பேனாவை எடு. ஒரு மில்லிமீட்டரை 40 பங்காக்கி, இத்தனை பங்கு நகரு என்று சொன்னால் கோடு விழும். 1991இல் டிசைன்ஜெட் என்ற மைத்தெளிப்புப் பிளாட்டர்களை எச்பி வெளியிட்டது. பேனாக்கள் போய்விட்டன, மொழி மட்டும் எச்பிஜிஎல்2 என்ற வடிவில் தங்கிவிட்டது.

தாள் முழுக்க எழுத்தாக வரும் கோளாறின் வேர் இங்கேதான். மென்பொருள் அனுப்பிய 'பியூ', 'பிடி' கட்டளைகளை இயந்திரம் கட்டளையாக எடுத்துக்கொள்ளாமல், அச்சடிக்க வேண்டிய எழுத்தாகவே எடுத்துக்கொண்டுவிட்டது. இந்தியாவில் நன்றாகப் புழங்கிய டிசைன்ஜெட் 500 இதற்குச் சரியான உதாரணம். அந்த மாடலின் அடிப்படை வடிவத்துக்கு எச்பிஜிஎல்2 தெரியாது. அதற்கான அட்டையைத் தனியாக வாங்கிச் செருக வேண்டும். அட்டை இல்லாத இயந்திரத்துக்கு அந்த மொழியில் பேசும் டிரைவரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, டிரைவர் புதியதா பழையதா என்று தேடுவதில் பயனில்லை. மொழி பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

விண்டோஸ் டிரைவரின் கதை வேறு. 64 பிட் விண்டோஸுக்கு 64 பிட் டிரைவர்தான் வேண்டும்; 32 பிட் காலத்து சிடியில் இருக்கும் டிரைவரை அது ஏற்காது. வரைபட மென்பொருளான ஆட்டோகேட், 2020 பதிப்பிலிருந்து 64 பிட்டில் மட்டுமே வெளிவருகிறது. விண்டோஸ் 11க்கும் 32 பிட் பதிப்பு கிடையாது. ஆகவே வரைபட மென்பொருளை மாற்றப்போய், அதற்காகக் கணினியை மாற்றி, அதனோடு விண்டோஸும் மாறி, கடைசியில் பிளாட்டர் மட்டும் பழைய காலத்தில் நின்றுவிடுகிறது. பேரலல் போர்ட் உள்ள பிளாட்டராக இருந்தால் இன்னொரு சங்கடமும் சேரும். புதிய கணினிகளில் அந்த போர்ட் இருப்பதில்லை. யுஎஸ்பி மாற்றுக் கேபிள் வாங்கிப் போட்டால், விண்டோஸ் அதை 'எல்பிடி1' என்று காட்டாது, 'யுஎஸ்பி001' என்ற வேறு பெயரில் காட்டும். டிரைவரோ பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது அடுக்குதான் அதிகம் ஏமாற்றுவது. 1999இல் வந்த ஆட்டோகேட் 2000, பிளாட்டரின் அமைப்பை பிசி3 என்ற கோப்பில் சேமிக்கும் முறையைக் கொண்டுவந்தது. எந்த டிரைவர், எந்த போர்ட், எந்தத் தாள் என்பதெல்லாம் அதற்குள் பதிந்திருக்கும். விண்டோஸ் டிரைவர் மாறிய பிறகும் பழைய பிசி3 கோப்பைப் புதிய பதிப்புக்குள் ஒட்டினால், இல்லாத டிரைவரின் விவரங்களை மென்பொருள் படிக்க முயலும். பிளாட் பொத்தானை அழுத்தியதும் மூடிக்கொள்வது பெரும்பாலும் இதனால்தான். பிசி3யை நகலெடுப்பதைவிட, 'ஆட் எ பிளாட்டர்' உதவியால் புதிதாக ஒன்றை உருவாக்குவதே நல்லது. பத்து நிமிட வேலை.

பிசி3க்குத் துணையாக பிஎம்பி என்று இன்னொரு கோப்பு உண்டு. அலுவலகமே உருவாக்கிய தாள் அளவுகளும், பிளாட்டரின் அளவைத் திருத்திய கணக்கும் அதில்தான் இருக்கின்றன. 'பிளாட்டர்ஸ்' என்ற ஃபோல்டரில் பிசி3 கோப்புகள் வெளியே கண்ணில் படும்; பிஎம்பியோ அதற்குள்ளே தனி ஃபோல்டரில் கிடக்கும். அவசரத்தில் வெளியே இருப்பவற்றை மட்டும் நகலெடுத்தால், பிளாட்டர் பெயர் பட்டியலில் வரும், படமும் வரும். நீளத் தாள் அளவு மட்டும் காணாமல் போயிருக்கும். பிசி3யைத் திறந்து, 'யூசர் டிஃபைன்டு பேப்பர் சைஸஸ்' பகுதியில் பிஎம்பி கோப்பின் பெயர் 'நன்' என்று இருந்தால் அதுதான் விடை. பழைய பிஎம்பியை அங்கேயே இணைத்துக்கொள்ளலாம்.

கோட்டின் கனத்தைத் தீர்மானிக்கும் சிடிபி கோப்பும் இதே ஃபோல்டர் கூட்டத்தில்தான் இருக்கிறது. சுவர் கனமாகவும் அளவுக்கோடு மெல்லியதாகவும் வந்துகொண்டிருந்த பிளான், புதுப்பித்த பிறகு எல்லாக் கோடும் ஒரே கனத்தில், திரையில் உள்ள வண்ணங்களோடு வந்தால், அது டிரைவர் கோளாறு அல்ல. சிடிபி வந்து சேரவில்லை. பிளாட் பெட்டியில் அதன் பெயருக்குப் பக்கத்தில் 'மிஸ்ஸிங்' என்றே எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் டிரைவரைக் குறை சொல்பவர்கள்தான் அதிகம். மென்பொருளையே மாற்றியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இசட்டபிள்யூகேட் என்ற வரைபட மென்பொருள், பிசி3க்குப் பதிலாகத் தன் அமைப்பைப் பிசி5 என்ற வேறு வகைக் கோப்பில் வைக்கிறது.

கோளாறு எந்த அடுக்கில் என்று கண்டுபிடிக்க, இயந்திரத்திலிருந்து மென்பொருளை நோக்கி வர வேண்டும். பிளாட்டரின் முகப்புப் பலகையிலிருந்தே சோதனைப் படம் அச்சிடலாம். அது ஒழுங்காக வந்தால் மை, தாள், இயந்திரம் மூன்றும் சந்தேகத்திலிருந்து விடுபடும். அடுத்து விண்டோஸின் சோதனைப் பக்கம். அது வராவிட்டால் ஆட்டோகேட்டைத் திறக்கவே தேவையில்லை. விண்டோஸ் டிரைவரிலோ போர்ட்டிலோ கேபிளிலோதான் பிழை. அதுவும் வந்துவிட்டால், வரைபடத்தைப் பிடிஎஃப் ஆக்கி, அந்தப் பிடிஎஃபை அதே பிளாட்டருக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும். பிடிஎஃப் வருகிறது, நேராக பிளாட் கொடுத்தால் வரவில்லை என்றால் பிசி3யைப் பார்க்க வேண்டும். கடைசியாக, ஒரே ஒரு கோடு போட்ட புதுப் படம். அது அச்சாகி, பழைய படம் மட்டும் அடம்பிடித்தால், அந்தப் படத்துக்குள் சேமித்த 'பேஜ் செட்டப்' பழைய பிளாட்டரின் பெயரை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. எப்போதோ கழற்றி எறிந்த நெட்வொர்க் பிளாட்டரைத் தேடித்தேடி, படம் திறக்கவே நெடுநேரம் எடுப்பதும் இதன் இன்னொரு அடையாளம்.

விண்டோஸ் டிரைவர்தான் குற்றவாளி என்று உறுதியானால், பிரிண்டர் ஐகானை அழிப்பது போதாது. டிரைவர் உள்ளேயே தங்கிவிடும். வரிசையில் நிற்கும் வேலைகளை முதலில் காலிசெய்துவிட்டு, 'பிரிண்ட் சர்வர் பிராப்பர்ட்டீஸ்' சாளரத்தின் 'டிரைவர்ஸ்' பகுதியில் டிரைவரையும் அதன் பொதியையும் சேர்த்து நீக்க வேண்டும். அதன் பிறகே புதியதை ஏற்ற வேண்டும். ஒரு கணினியில் மாட்டிய பிளாட்டரை மற்றக் கணினிகள் பகிர்ந்துகொள்ளும் அலுவலகங்களில், 2021 ஜூலையில் வெளிப்பட்ட 'பிரிண்ட்நைட்மேர்' பாதுகாப்பு ஓட்டைக்குப் பிறகு வந்த திருத்தங்களால், நிர்வாகி உரிமை இல்லாமல் டிரைவர் இறங்காது. சாதாரண பயனராக உள்ளே நுழைந்து ஏற்றிப் பார்த்துவிட்டு டிரைவர் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டுவது வீண்.

பாதித் தாளில் நிற்பது வேறு வகை. கோடுகளைக் கட்டளைகளாக அனுப்பினால் கோப்பு சின்னது. டிரைவர் முழுப் படத்தையும் புள்ளிகளாக மாற்றி அனுப்பும்போது நிலைமை தலைகீழாகிறது. ஏ0 தாளை அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் நிரப்பினால் ஏறக்குறைய 56 கோடி புள்ளிகள். வண்ணத்தில் சுருக்காமல் வைத்தால் 1.6 ஜிகாபைட்டைத் தாண்டும். சி டிரைவில் இடமில்லாமலும் பிளாட்டரின் நினைவகம் போதாமலும் வேலை பாதியில் அறுந்துவிடும். தோட்டப் படத்துக்கு அடியில் செயற்கைக்கோள் படத்தை வைத்துப் பிளாட் போடும்போது இது அடிக்கடி நேர்கிறது. டிரைவரில் தரத்தை 300க்குக் குறைத்தால் புள்ளிகள் நாலில் ஒரு பங்காகிவிடும்.

படம் வந்துவிட்டது என்பதோடு வேலை முடிவதில்லை. அளவுகோல் பிடித்துப் பார்க்க வேண்டும். மலைச்சாலையின் கொண்டை ஊசி வளைவில் உள்விளிம்பின் ஆரம் குறைந்தது 14 மீட்டர் இருக்க வேண்டும் என்பது இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் விதி. 1:500 அளவில் அது தாளில் 28 மில்லிமீட்டர். புதிய டிரைவர் தாளின் ஓரத்தில் கொஞ்சம் அதிக இடம் விட்டு, 'ஃபிட் டு பேப்பர்' வசதியும் தெரியாமல் இயங்கியிருந்தால், படம் 3 சதவீதம் சுருங்குவது எளிது. அப்போது 28 மில்லிமீட்டர் 27.16 ஆகிவிடும். தாளில் அளந்து பார்ப்பவருக்கு ஆரம் 13.58 மீட்டர், விதிக்குள் இருந்த வளைவு விதிமீறலாகத் தெரியும். ஆகவே புதுப்பித்த பிறகு எடுக்கும் முதல் தாளில், நீளவாக்கில் ஒன்றும் குறுக்கில் ஒன்றுமாக 500 மில்லிமீட்டர் கோடுகள் இரண்டைப் போட்டு அளந்துவிடுவது நல்லது. இரண்டும் ஒரே விகிதத்தில் குறைந்தால் மென்பொருள் சுருக்கியிருக்கிறது. ஒரு திசையில் மட்டும் பிசகினால் தாள் நகர்வையும், பிஎம்பியோடு போன பழைய திருத்தத்தையும், தாளையும் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் போடிமெட்டுப் பக்கம் மேகம் இறங்கி நிற்கும் நாள்களில் பாண்டு பேப்பர் ஈரம் குடித்து நீளும். பாலியெஸ்டர் ஃபிலிம் அவ்வளவாக மாறாது.

புதிய விண்டோஸுக்கு டிரைவரே வெளிவராத பிளாட்டர்களும் உண்டு. எச்பிஜிஎல்2 தெரிந்த இயந்திரமாக இருந்தால், ஆட்டோகேட்டின் சொந்த டிரைவர் வழியாக விண்டோஸ் டிரைவரையே தவிர்த்துவிடலாம். படத்தை பிஎல்டி கோப்பாக எழுதி, நெட்வொர்க் வழியே நேராக அனுப்பினாலும் அது வரையும். மொழி தெரியாத இயந்திரத்துக்குப் பழைய கணினி ஒன்றை ஒதுக்குவதே வழி. இணையத் தொடர்பைத் துண்டித்து, பிடிஎஃபைப் பென்டிரைவில் கொண்டுபோய் அச்சிடும் வேலைக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் நன்றாக ஓடும் பிளாட்டரை டிரைவருக்காகப் பழைய இரும்புக்குப் போடுவதைவிட மேல்.

பிற நிறுவனங்களின் பிரிண்டர் டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாக வழங்குவதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் அறிவித்தது. தயாரிப்பாளர்கள் தாங்களே தரும் நிறுவல் கோப்புக்குத் தடையில்லை. எனவே இப்போது ஓடிக்கொண்டிருக்கும் டிரைவரின் நிறுவல் கோப்பை, பிசி3, பிஎம்பி, சிடிபி மூன்றோடும் சேர்த்துப் பென்டிரைவிலோ வேறொரு கணினியிலோ எடுத்துவைத்த பிறகே, மென்பொருளின் புதிய பதிப்பில் கைவைக்க வேண்டும்.